மிதித்தும் ஓடாத கார்

(ஜொகூரில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டத்தில் கார் எஞ்சினுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லவும், நோயாளியைக் குளுவாங் மருத்துவமனைக்குக் கொண்டு போகவும் நம்மில் பலர் பழைய கார் வாங்கி வைத்திருக்கிறோம். அது கெட்டால் பட்டறைக்குப் போவது நமது சம்பளம் அன்றோ!

என் பழைய புரோட்டோன் வீராவுக்கு ஒரு வியாதி வந்தது. தோட்டத்து மண் சாலையிலிருந்து பெரிய சாலையில் ஏறும்போது மிதியை அழுத்தினேன். வண்டி ஒரு கணம் செத்து, பிறகு குதித்தது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி! ஹாரன் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பட்டறையில் பிளக் மாற்றினார்கள், பெட்ரோல் வடிகட்டி மாற்றினார்கள், பம்பும் மாற்றினார்கள். பணம் போயிற்று, வியாதி போகவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லமாட்டேன். அளந்து பார்க்காமல் "மாற்றுங்கள்" என்று தலையாட்டியவன் நான்தான்.

குற்றவாளி தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு பொருள். பெயர் திராட்டில் பொசிஷன் சென்சார். 1985-இல் வந்த முதல் சாகாவில் கார்புரேட்டர் இருந்தது. திருகாணியைத் திருப்பிச் சரிசெய்தோம். 1993-இல் வந்த வீராவின் பல வகைகளில் பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சுகிறது. காற்று போகும் குழாயிலுள்ள தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று அந்தக் கணினிக்குச் சொல்வது இந்தச் சென்சார். உள்ளே ஒரு கரித்தடம். அதன்மேல் சிறு தகட்டு விரல் ஒன்று உரசிச் செல்லும். வெட்டிய பட்டையிலேயே கத்தி மீண்டும் மீண்டும் பட்டால் மரம் என்ன ஆகும்? அதுபோல, நாம் வழக்கமாக மிதிக்கும் அளவில் தடம் தேய்ந்து போகிறது. ஆகவே மிதியின் ஒரே இடத்தில் வண்டி திக்கினால் இதைச் சந்தேகிக்கலாம். ஆனால் தகட்டில் கரி படிந்திருந்தாலும், காற்றுக் குழாய் வெடித்திருந்தாலும் ஏறத்தாழ இதே நோய்தான் தெரியும். முதலில் அவற்றைப் பாருங்கள், காசு செலவில்லை.

பிறகு மீட்டரை எடுங்கள். சாவியைத் திருப்புங்கள், எஞ்சினை முடுக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றாமல் பின்புறமாக மெல்லிய ஊசியைச் செருகி அளக்க வேண்டும். ஒரு கம்பியில் 5 வோல்ட் வர வேண்டும். அது வராவிட்டால் சென்சார்மீது பழி போடாதீர்கள். கோளாறு கம்பியிலோ கணினியிலோ இருக்கும். செய்திக் கம்பியில், தகடு மூடியிருக்கையில் பொதுவாக அரை வோல்ட் அளவும், முழுதும் திறக்கையில் 4 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். சரியான எண் அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தில் உண்டு. கிராணி நண்பர்கள் படித்துச் சொல்லி உதவலாம். மிதியை மெதுவாக, மிக மெதுவாக, அழுத்தச் சொல்லுங்கள். எண் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். நடுவில் விழுந்து எழுந்தால் தடம் தேய்ந்துவிட்டது. இதைப் பிடிக்க எண் காட்டும் மீட்டரைவிடப் பழைய முள் மீட்டரே நல்லது. முள் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். என் வண்டியில் கால்வாசி மிதியில் துள்ளியது.

தேய்ந்ததைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஏற்றம் சீராக இருந்து, மூடிய நிலையின் எண் மட்டும் தவறினால் திருத்தலாம். அதற்கும் திருகாணித் துளை நீளவாக்கில் இருக்க வேண்டும். வட்டத் துளையானால் அது திருத்துவதற்கு வைத்ததல்ல; அரத்தால் ராவாதீர்கள்! திருகாணி இரண்டையும் சற்றே தளர்த்தி, மீட்டரைப் பார்த்தபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, இறுக்கி, மறுபடி அளவுங்கள். இறுக்கும்போது எண் நகர்ந்துவிடும். எனக்கு மூன்று முறை நகர்ந்தது. தகட்டை நிறுத்தும் சிறு திருகாணியைத் தொடவே கூடாது. கேபிள் இல்லாமல் மோட்டார் தகட்டைத் திறக்கும் புதிய கார்களில் சென்சார் உள்ளேயே அடைபட்டிருக்கும். அதில் கைவைக்க வேண்டாம்.

மீட்டர் கொண்டு வந்திருக்கிறேன். வண்டி வாசலில் மாமரத்தடியில் நிற்கிறது. தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். பழைய சென்சாரையும் உடைத்து வைத்திருக்கிறேன், தடத்தைப் பார்க்கலாம்.