மண்ணைக் காக்கும் வெட்டிவேர்



தண்ணீர்ப் பானையில் ஒரு பிடி வெட்டிவேர் போட்டு வைப்பது நம்மவரின் பழைய வழக்கம். கடையில் சிறு கட்டாக வாங்குவதால் அதை வேராகத்தான் நமக்குத் தெரியும். புல்லாகப் பார்த்தவர்கள் குறைவு. அந்தப் புல்லை அடையாளம் காண்பதையும், மேட்டு மண்ணைக் காக்க அதை வளர்ப்பதையும் பற்றி இன்று பேசுவோம்.

வெட்டிவேர் பல ஆண்டுகள் வாழும் புல். இந்தியாவின் ஆற்றங்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் இயற்கையாக வளர்வது. தமிழ்நாட்டில் கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் வேருக்காகப் பயிரிடுகிறார்கள். ஈரத்தில் பிறந்த புல்லானாலும் வறட்சியையும் தாங்கும். மலாய் மொழியில் அதற்கு ‘ஆக்கார் வாங்கி’ என்று பெயர். மணக்கும் வேர் என்பது பொருள். ஆங்கிலத்திலோ நம் தமிழ்ப் பெயரே வழங்குகிறது.

செலாயாங் வட்டாரம் மேடும் பள்ளமுமானது. மேட்டை வெட்டிக் கட்டிய வீடுகளின் பின்புறம், கனத்த மழையில் செம்மண் கரைந்து கால்வாயை அடைக்கிறது. கீரைப் பாத்தியின் மேல்மண்ணும் அதோடு போய்விடுகிறது. அந்த மண்ணைப் பிடித்து வைக்க வல்லது இந்தப் புல். அதன் வேர் பக்கவாட்டில் படராமல், 2 முதல் 3 மீட்டர் வரை நேர் கீழே இறங்கும். செலாயாங்குக்கு மேற்கே சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம் வைத்திருந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பி. கே. யூன், மலேசியாவில் இப்புல்லை ஆராய்ந்து 1991இல் அறிக்கை வெளியிட்டார். 1996இல் வந்த வேறோர் ஆய்வு, இவ்வேரின் இழுவலிமை எஃகின் வலிமையில் ஆறில் ஒரு பங்கு என்று கண்டது.

இனி, அடையாளம். இலையைக் கசக்கி முகருங்கள். எலுமிச்சை மணம் வந்தால் அது செராய். வெட்டிவேரில் மணம் வேரில்தான், இலையில் இல்லை. அடியில் தோண்டிப் பாருங்கள். கூர்மையான வெள்ளைத் தண்டு மண்ணுக்குள் ஓடினால் அது லாலான். வெட்டிவேர் ஓடாது, நட்ட இடத்திலேயே தூர் கட்டி நிற்கும். அதன் தண்டின் அடி விசிறிபோல் தட்டையாக இருக்கும். தென்னிந்திய வகை முளைக்கும் விதை தருவது அரிது. ஆகவே களையாகப் பரவாது.

நடும் முறை எளிது. முதிர்ந்த தூரைப் பெயர்த்து, இரண்டு மூன்று தண்டுகள் சேர்ந்த சிறு பிடிகளாகப் பிரியுங்கள். இலையை 20 செண்டிமீட்டரும் வேரை 10 செண்டிமீட்டரும் விட்டு நறுக்குங்கள். மேட்டின் குறுக்கே, ஒரே மட்டத்தில், 10 முதல் 15 செண்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். மட்டம் பார்க்க, கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயே போதும். மழை தொடங்கும்போது நடுவது நல்லது. பட்டுப்போன இடத்தில் மறுபடியும் நடவேண்டும். ஓர் இடைவெளி இருந்தாலும் தண்ணீர் அதன் வழியே அரித்துக்கொண்டு ஓடும். முழங்கால் உயரத்திற்கு அவ்வப்போது வெட்டிவிட்டால் தூர் அடர்ந்து வேலியாகும். வெட்டிய இலையைப் பாத்திக்கு மூடாக்காகப் போடலாம். செம்பனை நிழலில் மட்டும் நடவேண்டாம். இதற்கு வெயில் தேவை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. மேட்டில் நட்ட வேரை மணத்திற்காகவோ விலைக்காகவோ தோண்டினால், இறுகிய மண் மறுபடியும் இளகிவிடும். வேர் வேண்டுமானால் சமதரையிலோ பழைய சாக்கிலோ தனியாக வளர்த்துக்கொள்ளுங்கள்.

புல்லால் ஆகாததும் உண்டு. செலாயாங்குக்கு வடக்கே பத்தாங் காலியில் 2022 டிசம்பர் 16ஆம் நாள் நிலம் சரிந்து 31 பேர் மாண்டனர். அத்தகைய ஆழமான சரிவை எந்தப் புல்லும் தடுக்காது. மேட்டில் வெடிப்பு கண்டாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, அடிவாரத்தில் கலங்கல் நீர் ஊறினாலோ, முதலில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். பிறகு 999க்குத் தெரிவியுங்கள்.

மற்றபடி, மேல்மண்ணைக் காக்க நாமே செய்யக்கூடிய வேலை இது. ஒரு வீட்டில் ஒரு தூர் இருந்தால் ஓராண்டில் அண்டை வீட்டுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். மேடு நிர்வாகத்துக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ உரியதானால், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு நடுவோம்.