மழை பெய்த ராத்திரி

(விவசாயிக்குப் பெரிதும் கைகொடுப்பது அனுபவமா? ஆராய்ச்சியா? என்ற பட்டிமன்றத்தில், 'ஆராய்ச்சியே!' அணியில் ஆற்றிய உரை)



எதிரணித் தலைவர் ஒண்ணு சொன்னார். "என் தாத்தா எந்தக் காலேஜுக்குப் போனார்? கடலைக்காட்டுல தீ மூட்டியே பூச்சியை ஒழிச்சார்" அப்படின்னார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். ஐயா, உங்க தாத்தா தீ மூட்டினது சரி. எந்த ராத்திரி மூட்டினார்? அதைச் சொல்லாம உட்கார்ந்துட்டீங்களே! (சிரிப்பு)

எங்க திருவண்ணாமலைப் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டைன்னு பேரு. மணிலாக்கொட்டைதான் தேய்ஞ்சு மல்லாட்டை ஆயிடுச்சு. பேரைப் பார்த்தா பிலிப்பைன்ஸ், பிறந்த வீடு தென் அமெரிக்கா. நெல்லுக்கு இருக்கிற மாதிரி ஆயிரக்கணக்கான வருஷத்து அனுபவம் இந்தப் பயிருக்கு நம்மகிட்ட கிடையாதுங்க. வந்த மருமகளைப் புரிஞ்சுக்கவே நாளாகும். இது கடல் தாண்டி வந்த மருமகள்! (சிரிப்பு)

மானாவாரிக் கடலைக்குப் பெரிய எதிரி யார்? சிவப்புக் கம்பளிப்புழு. அது மண்ணுக்குள்ள, வரப்போரத்துல, மரத்தடி நிழல்ல கூட்டுப்புழுவாகப் பல மாசம் தூங்குது. யாரு எழுப்புறது? மழை! நல்ல மழை ஒண்ணு பெய்ஞ்சதும், அடுத்த சில நாள்ல, இருட்டினப்புறம் அந்துப்பூச்சியாகக் கிளம்பி வருது. இலைக்கு அடியில் ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டை வைக்குது. இந்தக் கணக்கைப் பூச்சியியல் படிச்சவங்க மண்ணைத் தோண்டி, ராத்திரி கண்விழிச்சு எழுதி வச்சாங்க. அதனாலதான் மழை பெய்த உடனே விளக்குப்பொறி வை, தீ மூட்டு என்கிறார்கள். ஒரு வாரம் தாமதிச்சு மூட்டினா குளிர் காயலாம், அவ்வளவுதான். பூச்சி முட்டையிட்டு முடிச்சிருக்கும். (கைதட்டல்)

முட்டை பொரிச்ச புதுசுல குஞ்சுப் புழுக்கள் ஒரே செடியில கும்பலா சுரண்டிக்கிட்டிருக்கும். அந்த இலையைக் கிள்ளி அழிச்சா வேலை முடிஞ்சது. அதை விட்டுட்டா, உடம்பெல்லாம் மயிர் வளர்ந்து, படை மாதிரி ஒரு காட்டுலேர்ந்து அடுத்த காட்டுக்கு நடக்கும். அப்ப போய்க் கடனுக்கு மருந்து வாங்கி அடிக்கிறோம். வளர்ந்த புழு சுலபத்தில் சாவதில்லை. சாகிறது நமக்கு உதவி பண்ற நல்ல பூச்சிகள். அந்த வருஷம் விளைச்சல் மருந்துக்கடை நோட்டுல மட்டும்தான் நல்லா இருக்கும். தாலிக்கொடி அடகுக்குப் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், நடுவர் அவர்களே. அதுக்கு முன்னாடியே மழையைப் பார்த்து நாலு பேர் சேர்ந்திருந்தால் செலவு ஒரு டயர், கொஞ்சம் செத்தை.

நாலு பேர்னு ஏன் சொல்றேன்? நான் மட்டும் தீ மூட்டி, பக்கத்துக் காட்டுக்காரர் தூங்கினா, அவர் காட்டுப் புழு வரப்பைத் தாண்டி என்கிட்டதான் விருந்துக்கு வரும். பங்காளிச் சண்டையெல்லாம் அதுக்குத் தெரியாது! (பலத்த சிரிப்பு) இடையில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தடுப்பதும் இதனால்தான். ஓரத்தில் ஆமணக்கும் காராமணியும் போடுவது எதுக்கு? புழு அங்கே கூடும், நாம பொறுக்கிடலாம்.

கோடை உழவு போட்டா கூட்டுப்புழு மேலே வந்து காக்காயும் மைனாவும் தின்னுடும். இது தாத்தா அறிவு, ஒத்துக்கறேன். ஆனா புரோடீனியாப் புழுவுக்கு வர்ற வைரஸ் நோயை, செத்த புழுவிலிருந்தே எடுத்துக் கரைச்சு, வெல்லத்தையும் சேர்த்து, வெயில் தாழ்ந்தப்புறம் தெளிக்கிற யோசனை எந்தத் தாத்தாவுக்கு வந்தது? வெயில் பட்டா அந்த வைரஸ் கெட்டுப்போகும், அதனாலதான் சாயங்காலம்.

எதிரணியில் ஒரு அம்மா, "எங்க வீட்டு விதை, எங்க அனுபவம்" என்று டி.எம்.வி. ரகத்தைச் சொன்னாங்க. அம்மா, டி.எம்.வி. என்றால் திண்டிவனம்! அங்கே இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது. டி.எம்.வி. 2 வந்தது 1940-ல், டி.எம்.வி. 7 வந்தது 1967-ல். எங்க வீட்டுச் சொத்தைக் காட்டி எங்ககிட்டயே வாதாடலாமா? (கைதட்டல்)

தாய்மார்களுக்கு ஒண்ணு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. காரணம் தெரியாமல் தவிச்சாங்க. கடைசியில் பார்த்தா, தீனியில் கலந்த கடலைப் புண்ணாக்கில் பூசண விஷம். அஃப்ளாடாக்ஸின் என்று பேர் வச்சாங்க. வறுத்தாலும் அது முழுசாகப் போகாது. பூச்சி துளைச்ச காய், ஈரம் காயாத காய், இதிலெல்லாம் அந்தப் பூசணம் சுலபமா ஏறும். சுருங்கின, பூஞ்சை பிடிச்ச கடலையைப் பார்த்தா, 'காசு போட்டு வாங்கினதாச்சே' என்று பிள்ளைக்குக் கொடுத்துடாதீங்க, மாட்டுத் தொட்டியிலும் போடாதீங்க. இதை எந்த அனுபவசாலி நாக்கு கண்டுபிடிச்சிருக்கும்?

மணி அடிச்சுட்டீங்க. இன்னும் சுருள்பூச்சி பாக்கி இருக்கு, அதை எங்க அணித் தம்பி பார்த்துக்குவார். (கைதட்டல்)