கால் மரப்பும் கடவுள் கோபமும்

(சிறுசேரியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிக் கொண்டவர்களுக்குக் கைகால் மரத்துப் போவதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறேன். இது டாக்டர்கள் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, சுயமரியாதைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டியதைக் குறிகாரனிடம் போய்ச் சொல்லி, அவன் ஆத்தாள் கோபம் என்று காசு பறிக்கிற வரையில் எங்களுக்கு இதில் வேலை இருக்கத்தான் செய்யும்.

சாலையோரத்தில் தானே முளைத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியை எல்லோரும் அறிவீர்கள். சுடுகாட்டு மல்லி என்று பேர் வைத்து அதை ஒதுக்கினவர்களும் நம்மில் உண்டு. அந்தச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற மருந்தை மேல்நாட்டார் பிரித்தெடுத்தார்கள். 1963 முதல் அது வைத்தியத்திற்கு வந்தது. இரத்தப் புற்று வந்த குழந்தைகளில் பெரும்பாலோரை இன்று பிழைக்க வைக்கும் சிகிச்சையில் அதற்கு முக்கிய பங்குண்டு. எந்த ஸ்தல புராணமும் இந்த மகிமையைச் சொல்லவில்லை.

அது வேலை செய்கிற விதத்தைக் கேளுங்கள். புற்றணு இரண்டாகப் பிளந்துதான் பெருகுகிறது. பிளக்கும்போது அதற்குள் கயிறு போன்ற நுண்ணிய குழல்கள் உண்டாகி, உள்ளேயிருப்பதை இருபுறமும் இழுத்துப் பங்கு போடுகின்றன. வின்கிறிஸ்டின் அந்தக் குழல்களைக் கட்டவொட்டாமல் செய்கிறது, அணு சாகிறது. ஆனால் அதே மாதிரிக் குழல்கள் நரம்புக்குள்ளும் தண்டவாளம் போல் ஓடிச் சரக்குக் கொண்டு போகின்றன. மருந்துக்குப் பேதம் தெரியாது. உடம்பிலேயே நீளமான நரம்பு இடுப்பிலிருந்து கால்விரலுக்குப் போவது. தண்டவாளம் கெட்டால் கடைசி ஸ்டேஷன்தானே முதலில் பட்டினி கிடக்கும்? அதனால்தான் கால்விரல் நுனி முதலில் எரிகிறது, மரக்கிறது. ஆத்தாளுக்குக் கோபம் வந்தால் எல்லோருக்கும் கால்விரலிலிருந்தேதான் ஆரம்பிப்பாளா?

சிஸ்பிளாட்டின் காதையும் மந்தமாக்கும். அதை நிறுத்திய பிறகும் சில மாதம் மரப்பு கூடிக் கொண்டு போவதுண்டு. ஆக்சாலிபிளாட்டின் ஏற்றியவர் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் கை சுரீரென்னும். ஐஃபாஸ்பமைடு சிலருக்குப் புத்தியைக் கலக்கி, இல்லாத ஆளைப் பார்க்கவும் உளறவும் வைக்கும். நம் ஊரில் ஒருவர் இப்படி உளறினால் வேப்பிலையோடு வந்து விடுவார்கள். டாக்டரோ மருந்தை நிறுத்துகிறார். மெதிலீன் புளூ என்ற நீல மருந்து கொடுப்பதும் உண்டு. பெரும்பாலோருக்குச் சில நாளில் தெளிந்து விடுகிறது. பேய்க்கு நீலத்தைக் கண்டால் பயம் போலும்!

நிற்க. நோய் தீர்ந்தால் தீ மிதிப்பதாக நேர்ந்து கொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். கால் மரத்தவர் தணலில் இறங்கினால் சுடுவது தெரியாது. ‘ஆத்தாள் சுடவில்லை’ என்று கூட்டம் கும்பிடும். நாலாம் நாள் அந்தக் கால் சீழ் பிடித்து நிற்கும்போது கூட்டத்தில் ஒருவரும் இருக்கமாட்டார். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றுவதும் இதே கதைதான்.

அடையாற்றில் 1954இல் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏற்படப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்தான், பெண்ணுக்குப் பொட்டுக் கட்டுவது தெய்வ காரியம் என்றவர்களை எதிர்த்துத் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், விதியென்று உட்கார்ந்திருக்கவில்லை. இன்று இவ்வூரிலிருந்து பஸ் ஏறினால் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வரலாம்.

சிலர் மருந்தை நிறுத்தி விடுவார்களோ என்று பயந்து மரப்பை டாக்டரிடம் மறைக்கிறார்கள். சொன்னால் அளவைக் குறைப்பார், நாளைத் தள்ளுவார், வேறு மருந்துக்கு மாற்றுவார், எரிச்சலுக்கு மாத்திரை கொடுப்பார். மறைத்தால் மரப்பு ஆயுளுக்கும் நின்று விடக் கூடும். நீங்களாகவே வைத்தியத்தை விட்டாலோ புற்று மறுபடி தலையெடுக்கும். ஆகவே போய்ச் சொல்லுங்கள். ‘உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சட்டைப் பித்தான் போட வரவில்லை, பூத் தொடுக்க வரவில்லை, செருப்பு கழன்றது தெரியவில்லை, இருட்டில் தள்ளாடுகிறது, ஐந்து நாளாக மலம் கழியவில்லை என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். என்ன மருந்து, எத்தனை தடவை ஏற்றினார்கள் என்ற சீட்டையும் கையோடு கொண்டு போங்கள்.