வாளிக்குள் ஒரு விஞ்ஞான பாடம்
(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



விதைநெல்லை உப்புக் கரைசலில் இட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை நம் சிதம்பரம் பக்கத்து உழவர்க்குப் புதிதன்று. 10 லிட்டர் நீரில் சுமார் 1½ கிலோ உப்பைக் கரைக்கிறோம். புதிய கோழிமுட்டை மிதந்து, நாலணா அகலம் நீருக்கு மேல் தெரிந்தால் கரைசல் பதமாயிற்று. பதர் மேலே வரும். மணி பிடித்த நெல் அடியில் தங்கும். அதனை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவிவிடுகிறோம். பாடநூல் அடர்த்தி என்று கூறுவது இதனைத்தான்.

சின்னாட்களுக்கு முன் ஒரு பள்ளியில் இச்சோதனையைக் கண்டோம். மேசையைச் சுற்றி நின்றவர் நான்கு பையன்கள். பெண் குழந்தைகள் பின்வரிசையில் குறிப்பெழுதினர். பார்வையற்ற சிறுமி ஒருத்தி சன்னலோரம் சும்மா அமர்ந்திருந்தாள். ஆசிரியரைக் குறை கூறுவதற்கில்லை. ஒரே வாளி, ஒரே முட்டை, நாற்பது குழந்தைகள்! நாம் கேட்டுக்கொண்டதன்பேரில் அவர் அச்சிறுமியை அழைத்து நீரில் கைவிடச் செய்தார். நல்ல நீரில் முட்டை அடியில் கிடந்தது. உப்பு நீரிலோ, அமுக்கிய அவள் உள்ளங்கையை முட்டிக்கொண்டு எழுந்தது. “தள்ளுகிறதே!” என்றாள். கண்ணால் பார்த்த பையன்கள் எவரும் அச்சொல்லைக் கூறவில்லை.

அரசு 2022-இல் வானவில் மன்றத்தைத் தொடங்கியது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குச் சோதனைப் பொருள்களைப் பள்ளிக்கே கொண்டுசென்று செய்துகாட்டும் நல்ல ஏற்பாடு அது. ஆயினும் அன்றாட வகுப்புக்கு வாளி வேண்டுமல்லவா?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்க்கும், பாதி இடம் பெண்களுக்கும் தந்துள்ளது. உள்ளாட்சி உறுப்பினர்க்கும் இடமுண்டு. அங்கே சுற்றுச்சுவரைப் பற்றியே பேசிக் கலைகிறோம். (நாமும் அப்படிக் கலைந்தவர்தாம்.) அடுத்த கூட்டத்தில், சோதனையை எத்தனை பிள்ளைகள் தம் கையால் செய்தனர் என்று வினவுங்கள். பத்து வாளிக்கு ஆகும் செலவு பெரிதன்று.

பிச்சாவரம் பக்கத்து மீனவக் குழந்தை, வெண்கண்டல் சேற்றுக்கு மேல் வேரை நீட்டி மூச்சுவிடுவதை நாள்தோறும் காண்கிறது. அப்பாடம் நடக்கும் அன்று அக்குழந்தையே முன்னின்று சொல்லட்டும்.

விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆவணியில் சம்பாவுக்கு விதை ஊறவைக்கும் நாளை முன்கூட்டியே தலைமையாசிரியருக்குத் தெரிவியுங்கள். பிள்ளைகள் களத்துக்கு வருவர். உப்பும் வாளியும் உங்களுடையவை. முட்டைக்கு நாம் பொறுப்பு.