பங்கீடும் கண்காணிப்பும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர் ஓர் அரிய காட்சியைக் காண்பர். அண்மையில் காவிரி, அதற்கு அப்பால் தென்னந்தோப்புகளின் இடையே திருவரங்கத்துக் கோபுரங்கள், அவற்றிற்கும் அப்பால் கொள்ளிடம். ஒரே ஆறு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகின்றது. நடுவே ஒரு தீவை வளர்க்கின்றது. கிழக்கே கல்லணையில் இரு கிளைகளும் மீண்டும் அருகே நெருங்கி, பின்னர்த் தனித்தனியே கடலை நாடுகின்றன. இவ்விரண்டு இடங்களையும் உல்லாசப் பயணமாகச் சென்று கண்ட மாணவர் உங்களிற் பலர் இருப்பீர்கள். இன்று அவற்றை ஒரு பாடமாகக் காணுமாறு வேண்டுகின்றேன். பாடம் ஆற்றைப் பற்றியது மட்டும் அன்று. கணிப்பொறியைப் பற்றியதும் ஆகும்.

பொதுத்தேர்வின் முடிவு வெளியாகும் காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். குறித்த மணி அடித்தவுடன் இலட்சக்கணக்கான மாணவரும் பெற்றோரும் ஒரே இணையதளத்தை நாடுகின்றனர். இரயிலில் ‘தட்கல்’ சீட்டு வாங்குவோர் கதையும் அதுவே. குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி. பிற வகுப்புகளுக்கு 11 மணி. அந்தச் சில நிமிடங்களில் வந்து குவியும் வேண்டுகோள்களை ஒரு கணிப்பொறி தாங்காது. ஆகவே, ‘சர்வர்’ எனப்படும் பணிக்கணிப்பொறிகள் பலவற்றை வரிசையாக வைத்து, அவற்றின் முன்னே பங்கிட்டுக் கொடுக்கும் ஒரு மென்பொருளை நிறுத்துகின்றனர். ஆங்கிலத்தில் ‘லோடு பேலன்சர்’ என்பர். நாம் ‘சுமைப்பகிர்வி’ என்போம். வில்லி டாரோ என்ற பிரெஞ்சுக்காரர் 2001-இல் வெளியிட்ட ‘எச்.ஏ. பிராக்சி’, ஈகோர் சிசோயெவ் என்ற ருஷியர் 2004-இல் வெளியிட்ட ‘என்ஜின் எக்ஸ்’ ஆகியவை இவ்வகையில் உலகெங்கும் வழங்குகின்றன.

பங்கிடும் முறைகள் பல. பந்தியில் இலைதோறும் பரிமாறுவதுபோல முறைவைத்துக் கொடுப்பது ஒன்று. எந்தச் சர்வரிடம் முடியாத வேலை குறைவாக இருக்கின்றதோ அதற்கு அடுத்ததைக் கொடுப்பது மற்றொன்று. வலியதற்கு மிகுதியாகவும் எளியதற்குக் குறைவாகவும் கொடுப்பது பிறிதொன்று. இவற்றுள் ஒன்றை வகுத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டதாக எண்ணத் தோன்றும். முடியவில்லை என்பதற்கு முக்கொம்பே சான்று.

கொள்ளிடம் காவிரியைவிட அகன்றது, சரிவு மிகுந்தது. ஆதலால் நீர் இயல்பாகவே அதன்பால் ஓடியது. பாசனத்திற்குரிய காவிரியோ மணல் மேடிட்டுத் தலைப்பு உயர்ந்து, தஞ்சைத் தரணி வறளும் நிலைக்கு வந்தது. இதனைத் தடுக்க ஆர்தர் காட்டன் என்ற பொறியியலார் 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். கருதியது நிறைவேறியது, நீர் காவிரியில் திரும்பியது. ஆனால் கருதாத ஒன்றும் நிகழ்ந்தது. மிகுதியாக வந்த நீர் காவிரியின் படுகையை அரித்து ஆழமாக்கிற்று. ஆழமானதனால் இன்னும் மிகுதியான நீர் அதில் புகலாயிற்று. வறட்சிக்கு அஞ்சிய நாட்டில் வெள்ளத்திற்கு அஞ்சும் நிலை பிறந்தது. 1840-ஆம் ஆண்டுகளிலேயே மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஓர் அணையிட்டுப் படுகை மேலும் ஆழமாகாமல் காக்கவும் வேண்டியதாயிற்று. பின்னர் நீரின் அளவிற்கேற்ப ஏற்றி இறக்கத்தக்க கதவுகளும் வந்தன.

இதனால் நாம் அறிவது யாது? பங்கிடுவோன் ஒன்றை மாற்றினால், பங்கு பெறுவோரின் இயல்பும் மாறுகின்றது. ஆகவே பங்கீட்டை ஒரு நாள் வகுத்தால் போதாது. நாள்தோறும் அளந்து பார்க்க வேண்டும். அளக்காதவனுக்குப் படுகை ஆழமாவது தெரியாது.

எவற்றை அளப்பது? கூகுள் நிறுவனத்துப் பொறியியலார் 2016-இல் வெளியிட்ட நூல் ஒன்றில் நான்கு அளவைகளைத் தலையானவையாகக் குறித்தனர். வந்து சேரும் வேண்டுகோள்களின் தொகை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் விடை கிடைக்க ஆகும் நேரம் இரண்டு. பிழையாக முடிந்தவற்றின் அளவு மூன்று. சர்வர்கள் எவ்வளவு நிரம்பியுள்ளன என்பது நான்கு. ஆற்றின் மொழியிற் கூறினால், வினாடிக்கு எத்தனை கன அடி வருகின்றது, எப்பொழுது வயலை அடைகின்றது, எவ்வளவு வீணாகின்றது, கரை இன்னும் எவ்வளவு தாங்கும் என்பவையே அவை.

இவற்றுள் நேரத்தை அளப்பதில் ஒரு பெரிய மயக்கம் உண்டு. நூறு வேண்டுகோள்கள் வந்தன என்று கொள்வோம். 95 பேருக்கு 0.1 வினாடியில் விடை கிடைத்தது. 5 பேர் 10 வினாடி காத்திருந்தனர். சராசரி கணக்கிட்டால் 0.595 வினாடி வரும். அரை வினாடிக்குச் சற்று மேல். நல்ல நிலைதான் என்று கண்காணிப்பவர் மகிழ்வார். ஆனால் அரை வினாடியில் விடை பெற்றவர் ஒருவரேனும் உண்டா? இல்லை. சராசரி என்பது அங்கே எவருக்கும் நேராத ஒன்றைக் கூறுகின்றது. ஆகவே அறிந்தோர் நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, 50-ஆம், 95-ஆம், 99-ஆம் நூற்றுமானங்களைத் தனித்தனியே காண்பர். மேற்கண்ட கணக்கில் 99-ஆம் நூற்றுமானம் 10 வினாடி என்று உண்மையை உடைத்துச் சொல்லிவிடும்.

காவிரிப் பாசனத்தில் இதற்கு ஒரு சொல் நெடுங்காலமாக உண்டு. கடைமடை என்பது அது. மேட்டூரில் நீர் திறந்ததும் கல்லணையில் நீர் வந்ததும் செய்தியாகும். நாகப்பட்டினம் பகுதியின் கடைசி வாய்க்காலில் உள்ள உழவனுக்கு அச்செய்தியால் நாற்று நனையாது. தலைமடையும் கடைமடையும் பெற்ற நீரைக் கூட்டிச் சராசரி எடுத்துக் காட்டினால் அவன் ஏற்பானா? கடைமடைக்கு நீர் எட்டியதா என்பதே பாசனத்தின் தேர்வு. இணையத்திற்கும் அதுவே தேர்வு. பின்தங்கிய அந்த 5 பேருள் ஒருவர் தம் மகளின் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் தாயாக இருக்கலாம். ஊருக்கு விரைந்து செல்லச் சீட்டுத் தேடும் ஒருவராகவும் இருக்கலாம்.

நிரம்பும் அளவையிலும் நம் எண்ணம் வழுக்குவது உண்டு. பாதி நிரம்பிய சர்வர் முழுதும் நிரம்பும்வரை கவலையில்லை என்று எண்ணுகிறோம். டென்மார்க்கு நாட்டின் எர்லாங்கு 1909-இல் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து தொடங்கிய வரிசைக் கணிதம் வேறு கூறுகின்றது. வருவோரும் ஒழுங்கின்றி வந்து, ஒவ்வொருவர்க்கும் ஆகும் நேரமும் ஏறி இறங்கும் ஓர் எளிய வரிசையில், பணியாளன் 50 விழுக்காடு நேரம் வேலையாயிருந்தால் ஒருவர் உள்ளே புகுந்து வெளிவரும் நேரம் பணிநேரத்தைப் போல் 2 மடங்கு. 90 விழுக்காடானால் 10 மடங்கு. 95 விழுக்காடானால் 20 மடங்கு. கடைசி ஐந்து விழுக்காட்டில் காத்திருப்பு இரட்டித்தது காண்க. கரை நிரம்ப ஓடும் ஆற்றில் இன்னும் ஒரு மழை பெய்தது போன்றது இது.

இதனோடு சேர்த்து அறியத்தக்கது, ஜான் லிட்டில் என்பார் 1961-இல் நிறுவிய எளிய விதி. வினாடிக்கு வருவோர் தொகையை ஒருவர் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால், எந்நேரமும் உள்ளே இருப்போரின் தொகை கிடைக்கும். வினாடிக்கு 1,000 வேண்டுகோள், ஒவ்வொன்றும் 0.2 வினாடி தங்குமாயின் உள்ளே இருப்பவை 200. வருவோர் கூடாமலே, தாமதம் மட்டும் 2 வினாடியாக உயர்ந்தால் உள்ளே இருப்பவை 2,000. கூட்டம் மிகவில்லையே, நெரிசல் எப்படி வந்தது என்று திகைப்பவர்க்கு இவ்விதி விடை கூறும்.

இனிப் பிழையைப் பார்ப்போம். ஒரு சர்வர் பழுதுற்று, வந்த வேண்டுகோளை ஆராயாமலே ‘முடியாது’ என்று நொடியில் திருப்பிவிடுகிறது என்று கொள்ளுங்கள். அதனிடம் முடியாத வேலை எப்பொழுதும் குறைவாகவே தோன்றும். வேலை குறைந்தவனுக்கே அடுத்தது என்னும் விதிப்படி சுமைப்பகிர்வி மேன்மேலும் அதற்கே அனுப்பும். விரைவு ஒன்றையே அளந்தால் அதுவே முதல் மாணவன்; பிழையையும் உடன் அளந்தால்தான் குட்டு வெளிப்படும். ஆகவே அளவைகளைத் தனித்துப் பார்த்தல் தவறு. ஒன்றை மற்றொன்றின் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

பழுதுற்றதை நீக்குவதிலும் நிதானம் வேண்டும். எச்.ஏ. பிராக்சி, வேறு கட்டளை இல்லையாயின், 2 வினாடிக்கு ஒரு முறை சர்வரைத் தட்டிப் பார்க்கும். தொடர்ந்து 3 முறை விடை வராவிடில் விலக்கும். பின்னர் 2 முறை நல்விடை வந்தால் மீண்டும் சேர்க்கும். ஒருமுறை இருமியவனை உடனே படுக்கையில் தள்ளாத மருத்துவரின் முறை இது. நான்கு சர்வர்கள் ஒவ்வொன்றும் 80 விழுக்காடு நிரம்பியிருக்கையில் ஒன்றை விலக்கினால், எஞ்சிய மூன்றும் 106 விழுக்காட்டிற்கு மேல் தாங்க வேண்டும். தாங்காது, அவையும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்குமா என்பதை, விழுவதற்கு முன்னரே அளவைகளைக் கொண்டு கணக்கிட்டுவைப்பது கண்காணிப்போரின் கடமை.

இறுதியாக ஒன்று. சர்வர்களையெல்லாம் கண்காணிக்கும் நாம், பங்கிடும் கருவியையே மறந்துவிடுகிறோம். முக்கொம்பில் நேர்ந்ததை நினைவு கூர்வோம். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காவிரியில் பெருவெள்ளம் பல நாள் சென்றதை அடுத்து, 22-ஆம் நாள் இரவில் கொள்ளிடம் மேலணையின் 45 கதவுகளைக் கொண்ட பகுதியில் 9 கதவுகள் இடிந்து நீரோடு சென்றன. பாசனத்திற்குத் தேக்கித் திருப்ப வேண்டிய நீர் கொள்ளிடத்தில் இறங்கிற்று. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் இட்டு உடைப்பை அடைக்க இரவு பகலாகப் பாடுபட வேண்டியதாயிற்று. பின்னர்ப் புதிய கதவணை எழுந்தது. காவிரியில் நீர் இருந்தது; வயல்களும் காத்திருந்தன; இரண்டிற்கும் இடைநின்று பங்கிடும் உறுப்பே முறிந்தது. இக்காரணம் பற்றியே கணிப்பொறித் துறையினர் சுமைப்பகிர்விகளை இணையிணையாக வைப்பர். ஒன்று பணிபுரிய, மற்றொன்று அதன் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கும். முதலது நின்றால் நொடியில் அதன் இடத்தை ஏற்கும்.

மாணவர்களே, உங்களிற் சிலர் நாளை இத்தகைய கருவிகளின் முன் அமர்ந்து, திரையில் ஏறி இறங்கும் கோடுகளைக் கண்காணிப்பீர்கள். அக்கோடுகள் வெறும் எண்கள் அல்ல. ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னே ஒருவர் காத்திருக்கிறார். சராசரிக் கோடு சமமாக ஓடுகின்றதே என்று மனநிறைவு கொள்ளாதீர்கள். முக்கொம்பில் எவ்வளவு பிரிந்தது என்று பார்த்தபின், கடைமடைக்கு எவ்வளவு சேர்ந்தது என்று கேளுங்கள். அதற்கு விடை கூறத்தக்க அளவை எதுவோ, அதுவே முதலில் பார்க்க வேண்டிய அளவை.