நாய்க்கும் பெயர் எழுதிய ஊர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் துறையைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். நான் சாலை போடுகிறவன். ஜல்லி, தார் என்று ஆரம்பித்தால் நீங்கள் எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போய்விடுவீர்கள். அதனால் ஒரு சின்ன ஊரைப் பற்றியும், நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

திருவண்ணாமலை என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோயில், தீபம், கிரிவலம். நமக்கும் அப்படித்தான். 217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். வரலாறு என்றால் ராஜா கட்டியது, உயரமாக இருப்பது என்று மனசில் பதிந்துவிட்டது. ஆனால் நம்மில் பாதிப்பேர் செங்கம், தண்டராம்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து படித்தவர்கள். "உங்க ஊர்ல என்ன விசேஷம்?" என்று யாராவது கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, சின்ன ஊரு" என்று முடித்துக்கொள்வோம்.

அப்படி ஒரு சின்ன ஊர்தான் செங்கம் வட்டாரத்து எடுத்தனூர். எடத்தனூர் என்றும் சொல்வார்கள். அங்கே கிடைத்த ஒரு நடுகல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய 1400 வருஷம் ஆகிறது. வட்டெழுத்தில் செய்தி இருக்கிறது. வாணகோ அரைசர் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தலைவனிடம் சேவகம் பார்த்தவன் கருந்தேவக்கத்தி. எருமை மந்தையைக் காக்கப் போரிட்டுச் செத்துப்போனான். அவனுக்கு ஊர் கல் நட்டது. அதோடு விடவில்லை. அவன் கூடவே இருந்த நாய் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதி, அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் வெட்டி வைத்தார்கள். கல்லில் வீரன் உருவத்தோடு நாயின் உருவமும் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அவன் ராஜா இல்லை, சேவகன். அது ஒரு நாய். எழுதத் தெரிந்தவர்கள் அரிதாக இருந்த காலத்தில், ஒரு கிராமம் இந்த இரண்டு பெயரும் மறக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறது. கல் தேடுவதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை அதற்கென்று முறையே இருந்ததைத் தொல்காப்பியம் சொல்கிறது. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாமிலும் வழியோரத்து நடுகற்கள் வருகின்றன. இந்த வட்டாரத்துக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தேடித் தொகுத்து, நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்று 1972-இல் புத்தகமாகவே போட்டது. நம் கல்லூரிக் காலத்தில் நான் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் இந்தக் கல்லையெல்லாம் வேடியப்பன் என்பார்கள். பொங்கல் வைத்துக் கும்பிடுவார்கள். அன்றைக்கு ஊரின் சொத்து மாடு. இன்றைக்கும் விடிகாலையில் பால் சொசைட்டி வாசலில் கேனோடு நிற்கிறதே கூட்டம், அதுவும் மாட்டை நம்பித்தான். ஏரி நிரம்பினால் மடை திறப்பதற்கு ஊர் கூடும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் அன்றைக்கு பெங்களூரில் வேலை செய்கிறவனும் வந்துவிடுவான். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஊரே நிற்கும். சாயங்காலம் தீமிதி. இவ்வளவும் சேர்ந்துதான் ஒரு ஊர். பெயர் இல்லாத வேடியப்பனும் அதில் ஒரு ஆள்.

சின்ன வயசில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் அப்படி ஒரு கல் இருந்தது. கிரிக்கெட் ஆடும்போது அதுதான் எங்களுக்கு ஸ்டம்ப்! திட்டுவாங்கி ஓடியிருக்கிறோம். அது விளையாட்டுப் புத்தி. அடுத்துச் சொல்லப்போவதை அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சாலை விரிவாக்க வேலை. ஊர் பெயர் வேண்டாம். ஓரத்தில் பாதி புதைந்து ஒரு பலகைக் கல். ஜே.சி.பி. ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார். "சார், இது சாமிக் கல்லு மாதிரி இருக்கு, கேட்டுட்டு எடுக்கலாம்" என்றார். மழை வருவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று எனக்கு அவசரம். "ஓரமா தள்ளுங்க, பாத்துக்கலாம்" என்று சொன்னது நான்தான். கல் இரண்டாக உடைந்தது. மண்ணைத் துடைத்துப் பார்த்தால் எழுத்து. உடைந்த இடத்தில் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

ஒரு பாட்டி வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "எங்க தாத்தன் காலத்துலேர்ந்து நின்ன எடம்பா அது. படிச்ச புள்ள நீ, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். அவ்வளவுதான். மறுநாள் ஊர்க்காரர்களே சிமெண்ட் வைத்து ஒட்டி நட்டார்கள். மிச்சமிருந்த எழுத்தும் சிமெண்டுக்குள் போய்விட்டது. அதற்கு முன் ஒரு போட்டோகூட எடுக்க எனக்குத் தோன்றவில்லை. கையில் செல்போன் இருந்தது.

எழுத்தறியாத ஓட்டுநர் நிறுத்தினார். பட்டம் வாங்கிய நான் தள்ளச் சொன்னேன். 1400 வருஷத்துக்கு முன் நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதிய மண்ணில், ஒரு மனுஷனின் பெயரை நான் அழித்துவிட்டேன். அது யார் என்று இனி யாருக்கும் தெரியாது.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஏரிக்கரை, ஊர் எல்லை, புளியமரத்தடி எல்லாம் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கல் இருந்தால் காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போட்டோ எடுங்கள், எழுத்து நன்றாகத் தெரியும். சுரண்டாதீர்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கதை கேளுங்கள். தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள். என்னைப் போல் கட்டுமான வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஓட்டுநர் வண்டியை நிறுத்தினால் இறங்கிப் பாருங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். கல்லூரி நூலகத்தில் ஒரு பெரிய பதிவேடு வைப்போம். ஊர், கல் இருக்கும் இடம், பெயர், கதை என்று ஒவ்வொரு மாணவரும் தன் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும். செலவு என்னுடையது. முதல் பக்கத்தை நான் எழுதுகிறேன். அதில் பெயர் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கும். உங்கள் பக்கங்களில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டாம்.