நீர் ஊற்றும் கடமை யாருடையது?



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஓர் ஆடித் திங்களில் மரம் நடு விழா நடத்தினோம். கன்றுகள் நாற்பது, சொற்பொழிவுகளோ அதனினும் மிகுதி! கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது எஞ்சியவை ஐந்தே. அவ்வைந்தும் காவற்காரர் குடிலின் அருகே நின்றவை. பாத்திரம் கழுவிய நீரை அவர் தாமாகவே ஊற்றி வந்தாராம். நீர் ஊற்றும் கடமையை நான் எவருக்கும் எழுதித் தரவில்லை. பிழை என்னுடையதே.

இக்குறை நீங்கும் வழியை இன்று ‘பசுமை மனிதவள மேலாண்மை’ என்பர். பெயர் சற்று நீளமாயினும் பொருள் எளிது. பணியாளரைத் தெரிந்தெடுத்தல், பயிற்றுதல், அவர் பணியை மதிப்பிடுதல், பதவி உயர்வு அளித்தல் ஆகிய அனைத்திலும் சுற்றுச்சூழல் காக்கும் கடமையையும் சேர்த்து எண்ணுதலே அது.

1990ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் தலுவார் என்னும் ஊரில் பல நாட்டுப் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி ஒரு பிரகடனம் செய்தனர். சுற்றுச்சூழலைக் கற்பிக்கும் திறனை முதலில் ஆசிரியரிடம் வளர்த்தல் வேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு அது தனி மகிழ்ச்சி தந்தது. நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 1991இல் பிறப்பித்த ஆணையின் பயனாகப் பின்னர்ப் பட்ட வகுப்பினர்க்குச் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாயிற்று. மாணவர்க்குப் பாடம் வந்தது. விடுதிச் சமையலர்க்கும் ஆய்வக உதவியாளர்க்கும் அப்பாடத்தை யார் சொல்வது?

1985இல் நிறுவப்பெற்ற நம் புதுவைப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் கடலோரத்தே பரந்து கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். 2011 டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது இப்பகுதியில் மரங்கள் பெருவாரியாகச் சாய்ந்தன. இத்தகைய புயலுக்குப் பின் நடவேண்டியது விரைந்து வளரும் அயல்மரமா, இக்கரையின் பழைய காடுகளுக்குரிய வீரை, காசா, மகிழ் முதலியனவா? இதற்கு நூலறிவு விடை கூறும். ஆயின், எந்தப் பள்ளத்தில் கார்த்திகை மழை எத்தனை நாள் தேங்கும், எந்த மூலையில் உப்புக்காற்று கன்றைக் கருக்கும் என்பவற்றைத் தோட்டப் பணியாளரே அறிவார். பல கல்வி நிலையங்களில் அவர் ஒப்பந்தக் கூலியாள். ஒப்பந்தம் மாறும் நாளில் அவரோடு அவ்வறிவும் வாயிலைக் கடந்துவிடும். பசுமைக் குழுவில் பேராசிரியர் பக்கத்தில் அவருக்கும் ஓர் ஆசனம், பணிப் பதிவேட்டில் அவருடைய மரங்களின் கணக்கு, பணியில் நிலைபேறு — இம்மூன்றையும் அளிப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.